ஜூடியின் படத்துக்குக் கீழே

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், செத்தவரின் முகம் எப்படியும் ஜானட்டிடம் வந்து சேரும். எங்கள் ஃபிளெக்ஸ் பேனர் கடையில் அவள்தான் டிசைனர். நான் கொருக்குப்பேட்டை வரதன், மெஷின் ஓட்டுபவன். அவள் முன்னறையில் செய்து அனுப்புவதை நான் பின்னறையில் அச்சடித்துத் தள்ளுவேன். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றுவது, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் எனக்கு ஒன்றுதான். மெஷினில் மை இருந்தால் சரி.

ஜானட்டுக்கு அப்படி இல்லை. சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஆதார் அட்டைப் படத்தைத்தான் கொண்டுவருவார்கள். அதில் உயிரோடு இருக்கும்போதே எல்லோரும் செத்த மாதிரிதான் இருப்பார்கள். ஜானட் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிரிச்ச போட்டோ எதுனா கீதா, தேடிப் பாருங்க" என்பாள். போனைத் துழாவி எடுத்துக்கொடுப்பார்கள். எங்கோ கல்யாணப் பந்தியில் கையில் அப்பளத்தோடு சிரித்த படமாக இருக்கும். அப்பளத்தை எடுத்துவிடுவாள். சிரிப்பை விட்டுவைப்பாள். இடது காதில் ஆரம்பித்து மெதுவாக முகத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டே வருவாள். பாதி மூடிய கண்ணாக இருந்தால் திறந்துவைப்பாள். பருவை அழிப்பாளே தவிர மச்சத்தை அழிக்க மாட்டாள். அது அவரவர் அடையாளம் என்பாள்.

அவள் கம்ப்யூட்டரில் இரண்டே இரண்டு ஃபோல்டர். ஒன்றுக்குப் பெயர் 'வாழ்த்து', இன்னொன்றுக்கு 'கண்ணீர்'. மற்றக் கடைகளில் கல்யாணப் பேனருக்குப் பின்னணியாகப் போட்ட மேகத்தையே கருமாதிக்கும் போடுவார்கள். நேரம் மிச்சம். ஜானட் செத்தாலும் அதைச் செய்ய மாட்டாள்.

"செத்தவங்க மேல வெச்ச வெளிச்சத்த உயிரோட கீறவங்க மேல வெக்கக் கூடாது வரதா."

"இது உங்க பைபிள்ல எத்தினியாவது அதிகாரத்துல கீது?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். எங்கப்பா வியாசர்பாடியில் என்னைப் புத்தர் படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, எதையும் கேள்வி கேள் என்று சொல்லி வளர்த்தவர். பேய், பிசாசு, சகுனம், எலுமிச்சம்பழம் எதுவும் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை.

ஜானட்டின் வீடு ராயபுரத்தில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில். அவள் அண்ணன் ஜெரி துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மனைவி பிரசவத்திலேயே போய்விட, அந்தக் குழந்தை ஜூடியை அண்ணனும் தங்கையுமாக வளர்த்தார்கள். ஜூடிக்கு எட்டு வயது நடக்கும்போது, ஒரு பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி காலையில், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று ஜெரியின் வண்டியை அடித்துப்போட்டுவிட்டுப் போனது. மத்தியானம் ஜானட் கடைக்கு வந்தாள். அண்ணனின் பேனரை வேறு யாராவது செய்யட்டும் என்று நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அவர் தலைக்குப் பின்னால் பொன்னிறத்தில் ஒவ்வொரு கதிராகக் கையால் வரைந்தாள். அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. படத்தைச் சுற்றி ரோஜா மாலை, இடப் பக்கம் 'தோற்றம்', வலப் பக்கம் 'மறைவு' என்று தேதிகள். அதற்கென்று அவள் தேர்ந்தெடுத்த எழுத்து வடிவத்தை வேறு எந்தப் பேனருக்கும் பிறகு தொடவில்லை.

அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் அதே ஃபைலைத் திறப்பாள். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று எண்ணை மட்டும் மாற்றுவாள். நான் அச்சடித்துக் கொடுப்பேன். அவள் தெருமுனையில் கட்டுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு யாரும் வராமல் இல்லை. வந்தவர்களுக்கு ஜூடியையும் சேர்த்துக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜூடி கோயில் பாடற்குழுவில் பாடினாள். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கூட்டத்தில் பாடினாள். பத்தொன்பது வயதில் டிவி பாட்டுப் போட்டியில் பாடினாள். கடையில் வேலை நின்றுவிடும். ஜானட்டின் போனில் நாங்கள் எல்லோரும் மண்டையை இடித்துக்கொண்டு பார்ப்போம். இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து பேரில் ஒருத்தி ஆனாள். பட்டம் வேறு பிள்ளைக்குப் போனது. போகட்டும். ராயபுரத்துக்கு அவள்தான் ஜெயித்தவள்.

அந்த ஐந்து பேரையும் வைத்து நாலு ஊரில் மேடைக் கச்சேரி நடத்த ஷாரிக் ஏற்பாடு செய்தான். ராயபுரத்துப் பையன், இந்த மாதிரி நிகழ்ச்சி நடத்துவதே தொழில். கோயம்புத்தூர், திருநெல்வேலி, திருச்சி, கடைசியாகத் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட மைதானம். எல்லா ஊருக்கும் பேனர் டிசைன் ஜானட்தான் என்று அவனே கடைக்கு வந்து சொன்னான். தேதிகள் எழுதிய தாளைக் கொடுத்தான். கடைசித் தேதி பிப்ரவரி இருபத்திரண்டு.

ஜானட் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத மாத்த முடியாதா தம்பி?"

"கிரவுண்டு அன்னிக்கித்தான் காலியா கீது அக்கா. எல்லாருக்கும் சொல்லியாச்சு. இன்னா, எதுனா பேஜாரா?"

"ஒண்ணுமில்ல" என்றாள்.

ஐந்து பேரின் படங்களும் வந்தன. நாலு நன்றாக இருந்தன. ஜூடி அனுப்பியது மட்டும் இருட்டடித்துக் கிடந்தது. ஜானட் என்னென்னவோ பின்னணி வைத்துப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. தண்ணீர் குடிக்க முன்னறைக்குப் போன நான், அவள் 'கண்ணீர்' ஃபோல்டரைத் திறந்திருப்பதைப் பார்த்தேன். ஜெரியின் ஃபைல். ஜெரியை எடுத்துவிட்டு, அதே பொன் வெளிச்சத்துக்கு முன்னால் ஜூடியை வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்காமலே சொன்னாள்: "அவன் வெளிச்சம் அவன் பொண்ணுக்கு வராம வேற யாருக்குப் போவும்?"

உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒருவழியாக இவள் மூடநம்பிக்கை ஒழிந்ததென்று நினைத்தேன். படமும் அவ்வளவு அழகாக இருந்தது. ஐந்து பேரில் ஜூடி மட்டும் விடியற்காலையில் நிற்பவள் போல இருந்தாள்.

கோயம்புத்தூர் கச்சேரி அன்று ஜூடி பேனருக்கு முன்னால் நின்று படமெடுத்து அத்தைக்கு அனுப்பினாள். ஜானட் போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். பேனரில் மற்ற நாலு பேரும் சும்மா இருந்தார்கள். ஜூடியின் படத்தைச் சுற்றி மட்டும் ஒரு ரோஜா மாலை. ஜெரியின் படத்துக்குப் போட்ட மாலை.

"பழைய மாலைய நீ மறைச்சு வெச்சிருப்பே, அழிச்சிருக்க மாட்டே. அங்க எவனோ ஃபைலத் தொறக்கறப்ப அத இஸ்துவுட்டுட்டான்" என்றேன். தொழில் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். அவளும் ஒத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் அழித்து, எதையும் தனியாகப் பிரிக்க முடியாத ஒரே தட்டையான படமாக ஆக்கி, ஷாரிக்குக்கு மறுபடி அனுப்பினாள். திருநெல்வேலியில் பேனர் சுத்தமாக இருந்தது. அன்று எனக்கு டீ வாங்கிக்கொடுத்தாள்.

திருச்சியில் மாலை இல்லை. ஜூடியின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. திருச்சிக் கடைக்காரருக்கு நானே போன் போட்டேன். ஷாரிக் முதலில் அனுப்பிய பழைய ஃபைலைத்தான் அடித்தேன் என்றார். "பாத்தியா?" என்று ஜானட்டிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, வேறொன்று சொன்னாள்.

"எங்கண்ணன் பேனர்ல நான் குத்துவிளக்கு வெக்கவேயில்ல வரதா. மெழுகுவத்திதான் வெச்சேன்."

திருச்சிக்காரர் விளக்கைத் தானாக வைத்திருப்பார் என்றேன். ஏன் வைத்தார் என்று மறுபடி போன் போட்டுக் கேட்கலாம்தான். நான் கேட்கவில்லை.

திருவொற்றியூர் பேனரை எங்கள் கடையில் நான்தான் அடித்தேன். கச்சேரிக்கு மூன்று நாள் இருந்தது. நல்ல பட்டப்பகல், மூன்று மணி இருக்கும், மணலிப் பக்கத்து ஆலைப் புகை நாற்றம் கதவு வழியாக வந்துகொண்டிருந்தது. அனுப்பும் முன் ஜானட் என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினாள். ஒரு ஓரம் விடாமல் பெரிதாக்கிப் பார்த்தோம். மாலை இல்லை, விளக்கு இல்லை, ஒன்றும் இல்லை.

இருபதடிக்குப் பத்தடி பேனர். எங்கள் மெஷினில் அது படுத்த வாக்கில்தான் வரும். மை கக்கும் பெட்டி அப்படியும் இப்படியும் ஓட ஓட, துணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். எழுத்தாக இருந்தால் ஒவ்வொரு எழுத்தாகப் பிறக்கும். இடப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். நடுவில் ஜூடி. கதிர்கள் வந்தன, ஒரு காது வந்தது, ஒரு கண், மூக்கு, இன்னொரு கண். ஜானட் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுதாக வந்ததும் நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

அப்போது ஜூடியின் வலப் பக்கம், தோளுக்குக் கீழே, வெள்ளையில் ஒரு கோடு விழுந்தது. மை அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். பெட்டி திரும்பி ஓடியது. கோடு வளைந்தது. 'ம'.

எனக்கு அந்த எழுத்து தெரியும். வருஷா வருஷம் அடித்த கை இது. அடுத்தது என்ன வரும் என்றும் தெரியும். ஆனாலும் கையைத் தூக்க முடியவில்லை. 'றை' வந்தது. 'வு' வந்தது. பெட்டி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு, இன்னொரு இரண்டு, புள்ளி. பூஜ்யம். இரண்டு. அதற்கு அடுத்த புள்ளி வைத்ததும் நான் பாய்ந்து மெஷினை நிறுத்தினேன்.

மின்விசிறி மட்டும் ஓடியது. 'மறைவு 22.02.' என்று நின்றிருந்தது. ஈரம் காயவில்லை. இடப் பக்கம் 'தோற்றம்' இல்லை. வேறு எதுவும் இல்லை.

முன்னறைக்கு ஓடி ஃபைலைத் திறந்தேன். சுத்தமாக இருந்தது. திரும்ப வந்து, "பழைய வேல மெஷினுக்குள்ள மாட்டிகினு கீது. போன வருசம் உங்கண்ணனுக்கு அடிச்சோமே, அது" என்றேன்.

"அது பழைய மெஷின் வரதா. இது தீபாவளிக்கு அப்பால வந்துது."

அவள் சொன்னது சரி. ஜெரியின் பேனரை இந்த மெஷின் பார்த்ததே இல்லை. இருந்தாலும் விடாமல் இன்னொன்று சொன்னேன். "இந்த வருசம் நீ அவருக்கு எதுவும் போடல. கச்சேரி வேலையில மறந்துட்டே. அவரே வந்து போட்டுகினாருன்னு வெச்சுக்கோ." நானா இதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"எங்கண்ணன் போட்டுகினா அவன் மூஞ்சிக்குக் கீழதான போட்டுக்குவான்" என்றாள் ஜானட். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஏன் நிப்பாட்டினே?"

"இன்னா கேக்கறே நீ?"

"இன்னும் ஒரு அடி ஓடியிருந்தா வருசம் வந்திருக்கும். அவன் செத்த வருசம் வந்திருந்தா, பழசுதான்னு வுட்டுட்டு வூட்டுக்குப் போயிருப்பேன். நீ நிப்பாட்டிட்டே. இப்ப அது எந்த வருசம்னு யாருக்குத் தெரியும்?"

எதையும் கேள்வி கேட்டுப் பழகியவன், ஒரே ஒரு கேள்விக்கு விடை கண்முன்னே வரும்போது பயந்து பொத்தானை அழுத்திவிட்டேன். மறுபடி மெஷினை ஓட்டினேன். பேனர் சுத்தமாக வந்தது. மூன்றாவது முறையும் ஓட்டினேன். சுத்தம். வேண்டாத நேரத்தில் வந்தது, வேண்டும் என்றபோது வரவில்லை. ஜானட் கத்தரியால் அந்தத் துண்டை வெட்டி, ஜூடியின் முகமும் தேதியுமாகச் சுருட்டி, வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

கச்சேரியை நிறுத்தச் சொல்லி ஷாரிக்கிடம் போய் நின்றாள். அவன் பாவம், மரியாதையாகத்தான் கேட்டான். "இன்னா காரணம் சொல்லட்டும் அக்கா?" அவளால் சொல்ல முடியவில்லை. ஜூடியிடம் சொல்லவும் மனசு வரவில்லை. சொந்த ஊர்ப் பக்கம் பாடப் போகிறேன் என்று அந்தப் பெண் நாலு நாளாகத் தூங்காமல் பழகிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டாம் தேதி காலையிலிருந்து ஜானட் ஜூடியை விட்டு நகரவில்லை. தண்ணீரை முதலில் இவள் குடித்துப் பார்த்தாள். மேடைப் படிக்கட்டில் இவள் ஏறிக் குதித்துப் பார்த்தாள். ஒயர் கிடக்கும் இடமெல்லாம் கையால் தடவினாள். ஜூடி என்னிடம் வந்து, "வரதன் மாமா, அத்தைக்கு இன்னா ஆச்சு?" என்றாள். "உன்ன மேடையில பாக்கப் போற குஷிம்மா" என்றேன்.

ஆறரைக்குக் கூட்டம் மைதானம் கொள்ளவில்லை. விம்கோ நகரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஜூடி இரண்டு பாட்டு பாடினாள். நாங்கள் மேடைக்குப் பக்கவாட்டில் நின்றோம். மூன்றாவது பாட்டின் நடுவில் ஜெனரேட்டர் நின்றது. விளக்கு, மைக், வாத்தியம் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன.

ஆனால் ஜூடி நிறுத்தவில்லை. இருட்டுக்குள்ளிருந்து அவள் வெறுங்குரல் மட்டும் வந்தது. கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. ஜானட் என் முழங்கையைப் பிடித்தாள். அந்தக் குரல் வருகிற வரைக்கும் பிள்ளை இருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. சரணம் முடிந்தது. பல்லவி எடுத்தாள். பாதி வரியில் குரல் நின்றது.

நான் என் வாழ்க்கையில் கேட்ட மிக நீளமான மௌனம் அதுதான். ஜானட்டின் நகம் என் கையில் இறங்கியதைக்கூடப் பிறகுதான் பார்த்தேன். வெளிச்சம் வந்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரின் நடுவில், பொன் கதிர்களோடு ஜூடியின் படம். அதற்கு முன்னால் ஜூடி, தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். தொண்டை வறண்டுவிட்டதாம். கூட்டம் விசிலடித்து மைதானத்தைத் தூக்கியது.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது, "பாத்தியா, ஒண்ணும் ஆவல. வுடு" என்றேன்.

ஜானட் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா. அடுத்த இருபத்திரண்டுக்கு இன்னும் ஒரு வருசம் கீது" என்றாள்.

இந்த வருஷம் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கடை விடுமுறை. ஜூடி கச்சேரிக்காக மலேசியா போயிருந்தாள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மாதா கோயில் பூசை முடிந்து ஜானட் வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு ராயபுரம் போனேன். தெருமுனையில் ஜெரியின் பேனர் புதிதாகக் கட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் அடித்திருக்கிறாள். என்னிடம் கொடுக்கவில்லை.

மேசை மேல் போனை வைத்துக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஜூடியைக் காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டாயிற்றாம். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன். "நான் அத நிப்பாட்டியிருக்கக் கூடாது ஜானட்டு. எனக்குப் பயம் வந்துடுச்சு."

அவள் எழுந்து, மாதா படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் துண்டை எடுத்து என் மடியில் விரித்தாள். பொன் வெளிச்சம் அப்படியே இருந்தது. வலப் பக்கம் 'மறைவு 22.02.' அப்படியே இருந்தது. நடுவில் ஜூடி இல்லை. ஜூடியின் முகத்தை மறைத்து, அதே அளவுக்கு அச்சடித்த இன்னொரு முகம், இடது காதில் ஆரம்பித்துச் சுத்தமாக வெட்டி ஒட்டியிருந்தது. ஊர் முகத்தையெல்லாம் வெட்டியவள், தனக்கென்று ஒரு படம் எடுத்து நான் பார்த்ததே இல்லை. சிரித்த படம்.

"வருசம் எதுவா வேணா இருக்கட்டும் வரதா" என்றாள் ஜானட். "மூஞ்சி என்னுது."

போன் அடித்தது. ஜூடிதான். அத்தை என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று கேட்டாள் போல. "ஒண்ணுமில்ல கண்ணு, வரதன் மாமா வந்துகீறாரு, டீ போடப் போறேன்" என்றாள் ஜானட்.